ராத்திரி பத்து மணி வெயில்

அம்பத்தூரிலோ ஆவடியிலோ மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் தவறாமல் வரும் சந்தேகம் இது. சூரியன் ஆறரைக்கெல்லாம் மறைந்துவிட்டது. தெருவில் இறங்கி நின்றால் காற்று பரவாயில்லை. படியேறி வீட்டுக்குள் நுழைந்தால் முகத்தில் அறைகிறது சூடு. ஃபேனை ஐந்தில் வைத்தால் அதுவும் அனலைத்தான் கொட்டுகிறது. குழாயைத் திறந்தால் மொட்டைமாடி டேங்கிலிருந்து வெந்நீர். மணி பத்து. இந்த நேரத்தில் வீட்டைச் சூடாக்கிக்கொண்டிருப்பது யார்?

பகல் வெயில் உள்ளே தங்கிவிட்டது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இயற்பியலும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. எங்கே தங்கியது, எவ்வளவு தங்கியது, நாம் பாயை விரிக்கும் நேரம் பார்த்து ஏன் வெளியே வருகிறது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கணக்கு முடிந்ததும் இன்னொரு கேள்வி வரும். தீக்கும் புயலுக்கும் வெள்ளத்துக்கும் பயந்து ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகளில் இந்தச் சூடு ஏன் அதிகம்?

எட்டு டன் கூரை

பட்டாபிராம் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 300 சதுர அடி கான்கிரீட் கூரை. இந்த அளவைச் சும்மா எடுக்கவில்லை. தமிழக அரசு 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை போட வேண்டும், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். ஆக, 300 சதுர அடித் தளம் என்பது இன்றைய தமிழ்நாட்டு எளிய வீட்டின் அரசாங்க அளவு.

தளத்தின் கனம் ஏறக்குறைய ஐந்து அங்குலம், அதாவது 12 சென்டிமீட்டர். பரப்பு 28 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் மூன்றேகால் கன மீட்டருக்குச் சற்று மேல். ஒரு கன மீட்டர் கம்பி போட்ட கான்கிரீட் 2,400 கிலோ. ஆகவே நம் தலைக்கு மேல் நிற்பது எட்டு டன்.

எட்டு டன் கான்கிரீட்டை ஒரே ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? கிட்டத்தட்ட இரண்டு யூனிட். மின்வாரிய மீட்டரில் ஓடுகிறதே, அதே யூனிட்தான். மே மாதத்தில் விடியற்காலை 30 டிகிரி சொச்சத்தில் இருக்கும் தளம், பிற்பகல் நான்கு மணிக்குச் சராசரியாக 15 டிகிரி ஏறியிருக்கும். மேற்புறம் அதைவிடச் சூடு, அடிப்புறம் கொஞ்சம் குறைவு. சராசரி 15 என்று கொள்ளலாம். பதினைந்தை இரண்டால் பெருக்குங்கள். 30 யூனிட் கூரைக்குள் சேர்ந்துவிட்டது.

இவ்வளவும் எங்கிருந்து வந்தது என்று மலைக்க வேண்டாம். சென்னையில் மே மாதத்தில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு நாளில் விழும் வெயில் சுமார் ஆறு யூனிட். நம் கூரைமேல் விழுவது 168 யூனிட். இரண்டு மழைக்காலம் பார்த்துப் பாசி பிடித்துக் கறுத்த தளம் அதில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 110 யூனிட்டை உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பகுதியை அப்போதைக்கப்போதே காற்றும் வானமும் வாங்கிக்கொள்ளும். தங்குவதுதான் அந்த முப்பது.

பொழுது சாய்ந்ததும் முப்பதும் இறங்கத் தொடங்குகிறது. மேலே திறந்த வெளி, காற்று. ஆகவே அதிகம் மேல்பக்கம் போகும். மூன்றில் ஒரு பங்குதான் கீழே வருகிறது என்று வைத்தாலும் பத்து யூனிட். சாயங்காலம் ஆறு மணிக்கு 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றைச் சூடேற்றி விட்டத்தில் தொங்கவிட்டு, விடியற்காலை நான்கு மணிக்கு நிறுத்தினால் எவ்வளவோ, அவ்வளவு. மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தருகிறது. சூரியன் அதே இரண்டு மாதத்தில் கூரை வழியாக, ராத்திரியில் மட்டும், 600 யூனிட் அனலை இலவசமாகத் தருகிறான். வேண்டாம் என்றாலும் விடுவதில்லை.

புறப்பட்ட நேரமும் வந்து சேரும் நேரமும்

சுவரின் வெளிப்பக்கம் சூடேறிய பிறகு அந்தச் சூடு உள்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். இதை வெப்பத் தாமதம் என்று சொல்லலாம். பொருளைப் பொறுத்தும் கனத்தைப் பொறுத்தும் இது மாறும்.

12 சென்டிமீட்டர் கான்கிரீட்டின் தாமதம் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு மணி உச்சி வெயில் நாலரைக்கு அடிப்புறத்தில் தெரியும். அதன்பின் தளம் மெல்ல மெல்லத்தான் காலியாகும். நள்ளிரவு தாண்டியும் மிச்சம் இருக்கும்.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் தாமதம் ஏழு மணி நேரத்துக்கு மேல். மேற்குப் பார்த்த சுவர் உச்சமாகக் காய்வது மூன்றரை, நான்கு மணிக்கு. ஏழரை மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்: பதினொன்று, பதினொன்றரை. கூரை இறக்கி முடிப்பதற்குள் மேற்குச் சுவர் இறக்க ஆரம்பிக்கிறது. படுக்கையை மேற்குச் சுவரோரம் போட்டிருப்பவர்கள் நடுராத்திரியில் எழுந்து தலைமாட்டை மாற்றுவதற்குக் காரணம் மதியம் மூன்றரை மணி வெயில்.

சிமென்ட் ஷீட் கூரைக்கு இந்தத் தாமதமே கிடையாது. ஐந்தாறு மில்லிமீட்டர் கனத்தில் என்ன தங்கும்? பன்னிரண்டு மணிக்கு உள்ளே நிற்க முடியாது. எட்டு மணிக்கெல்லாம் ஆறிவிடும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்தக் கூரை நல்லது என்ற கேள்விக்கு, அதன் கீழே யார், எந்த நேரத்தில் இருக்கிறார்கள் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவருக்கு ஷீட் கூரை நரகம். பகலெல்லாம் வேலைக்குப் போய் ராத்திரி வந்து படுக்கிறவருக்குக் கான்கிரீட் நரகம். வீட்டிலேயே இருந்து தையலோ சமையலோ பார்க்கும் பெண்களுக்கு எந்தக் கூரை போட்டாலும் ஏதாவது ஒரு வேளை அகப்படும்.

ஃபேன் ஏன் தோற்கிறது

சூட்டைப் பற்றிப் பேசும்போது நாம் காற்றைப் பற்றியே பேசுகிறோம். வானிலை அறிக்கை சொல்வதும் நிழலில் உள்ள காற்றின் சூட்டைத்தான். ஆனால் கூரைக்கும் நம் உடம்புக்கும் நடுவில் காற்று தேவைப்படாத ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. சூடான எந்தப் பரப்பும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கும். அது நேராக வந்து தோலில் விழும். ஃபேன் காற்று அதை ஒதுக்கிவிடாது. போதாக்குறைக்கு, தாழ்ந்த கூரையில் ஃபேன் தன் தலைக்கு மேலுள்ள சூடான காற்றை உறிஞ்சித்தான் கீழே தள்ளுகிறது.

சந்தேகமிருந்தால் இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம். கொரோனா காலத்தில் வாசலில் நின்று நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த வெப்பமானி பல வீடுகளில் இன்னும் அலமாரியில் கிடக்கிறது. பொருள்களின் சூட்டை அளக்கவும் அதில் ஒரு பொத்தான் இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு அதை மேல்மாடிக் கூரைக்கு நேரே பிடியுங்கள். பிறகு கிழக்குச் சுவர், பிறகு மேற்குச் சுவர், கடைசியாகத் தரை. ஒரே அறையில் நான்கு வெவ்வேறு எண்கள் வரும். எந்தப் பக்கமிருந்து வெயில் அடிக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

கீற்றின் கணக்கு

இப்போது பழைய கீற்றுக் கூரையைக் கணக்கில் எடுப்போம். தென்னங்கீற்று இடுக்குகளில் காற்று சிறைப்பட்டிருக்கும் பொருள். வெப்பம் எளிதில் அதற்குள் புகாது; எடை குறைவானதால் உள்ளே தங்கவும் தங்காது. 12 சென்டிமீட்டர் கான்கிரீட் எவ்வளவு வெப்பத்தைத் தடுக்குமோ அவ்வளவைத் தடுக்க அரைச் சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கீற்று இருந்தால் போதும். குடிசையில் வேய்வதோ பல அங்குலக் கனம்.

இதைச் சொன்னதும் ‘அந்தக் காலத்தில்’ என்று ஆரம்பித்துவிடும் ஒரு கூட்டம் உண்டு. கீற்று வீட்டில் படுத்து மழைக்காலத்தைக் கழித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார்கள். ஒழுகும், எலியும் பூரானும் குடியேறும், ஒன்றிரண்டு வருஷத்துக்கொருமுறை மாற்றி வேய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் கருகிய பிறகு கீற்றுக்கு ஆதரவாக வாதாட யாருக்கும் வாய் வரவில்லை. வரவும் கூடாது. கான்கிரீட் தளத்தின் மேல் தமிழ்நாட்டு ஏழைகளுக்கு இருக்கும் ஆசை பகட்டினால் வந்ததல்ல. தளம் போட்ட வீடு எரியாது, பறக்காது, வங்கியில் அடமானம் வைக்கலாம், நாளைக்கு மேலே ஒரு மாடி எழுப்பலாம். சென்னைக் குடிசைகளுக்காக 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்திலிருந்து நாம் போய்க்கொண்டிருக்கும் திசை இதுதான். திசை சரி. வழியில் ஒரு கணக்கு விட்டுப்போயிற்று.

கடலோரத்தில் நடந்தது

கும்பகோணம் தீ நடந்த அதே வருஷம் டிசம்பர் 26 அன்று சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். உயிர் தப்பியவர்களை முதலில் தார் ஷீட்டில் கட்டிய தற்காலிகக் கொட்டகைகளில் வைத்தார்கள். கறுப்புத் தார் ஷீட் வெயிலில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மூன்று நான்கு வருஷங்களில் நிரந்தர வீடுகள் எழுந்தன. அரசு நிலம் தந்தது, தொண்டு நிறுவனங்கள் கட்டின. முந்நூற்றுச் சொச்சம் சதுர அடி, மேலே தட்டையான கான்கிரீட் தளம், வரிசை வரிசையாக ஒரே அச்சு.

ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த மானுடவியல் ஆய்வாளர் ஜெனிஃபர் டுய்ன் பாரென்ஸ்டைன் இந்த மீனவக் குப்பங்களில் தங்கி ஆராய்ந்தார். அவர் பதிவு செய்தவற்றில் இரண்டு விஷயங்கள் நம் கணக்கோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை. ஒன்று, அலையில் சேதமாகாத பழைய வீடுகளும் புது வீட்டுத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டன. ஓடு வேய்ந்து, திண்ணை வைத்து, காற்று போக வழிவிட்ட வீடுகள் அவை. இரண்டு, காண்ட்ராக்டர்களுக்கு வெட்டவெளி நிலம் வேண்டும் என்பதால் மரங்கள் வெட்டப்பட்டன.

மரம் போனது அழகு போன விஷயம் அல்ல. கடலோரக் குப்பத்தில் வலை பின்னுவது, கருவாடு பிரிப்பது, பகலில் குழந்தையைத் தூங்க வைப்பது எல்லாம் மரத்தடியில். வீடு என்பது பாத்திரமும் பெட்டியும் வைக்கும் இடம். வாழும் இடம் வெளியே. வெளியே நிழல் இல்லையென்றால் உள்ளே போக வேண்டும். உள்ளே எட்டு டன் காத்திருக்கிறது. அலைக்கும் புயலுக்கும் தாங்கும் வீடு வேண்டும் என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள், அது நியாயமான கணக்கு. கடல் அந்த வீட்டை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்கும் என்று சொல்ல முடியாது. வெயில் வருஷத்தில் நூறு நாளாவது சோதிக்கும்.

அகதிகளுக்கு வீடு கட்டியவர்

பேரிடருக்குப் பிறகு அவசரமாக, மலிவாக, ஒரே அச்சில் வீடு கட்டும் ஆசை சுதந்திர இந்தியாவின் வயதேயான ஆசை. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பிய கட்டடக் கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தார். பிரிவினைக்குப் பிறகு, 1948-இல், நேருவின் அரசு அவரை வீட்டு வசதி இயக்குநராக நியமித்தது. லட்சக்கணக்கான அகதிகளுக்கு வீடு வேண்டும். டெல்லி ஜங்புராவில் ஒரு தொழிற்சாலை தொடங்கினார்கள். சுவரையும் கூரையையும் தட்டுத் தட்டாக அங்கேயே வார்த்து, லாரியில் ஏற்றி, மனைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திவிடலாம் என்று திட்டம். தட்டுகள் விரிசல் விட்டன. நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. 1951-இல் அவர் கிளம்பிவிட்டார். தொழிற்சாலை பெயர் மாறி, கைமாறி, ஹிந்துஸ்தான் ப்ரீஃபேப் என்று பின்னாளில் நிலைத்தது.

தோற்ற கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்த மனிதர் லண்டன் போய் வெப்ப நாடுகளின் கட்டடக்கலைக்கு ஒரு துறையையே வளர்த்தார். 1965-இல் ராபர்ட் லின் என்பவரோடு சேர்ந்து, ஈரப்பதம் மிகுந்த வெப்ப நாடுகளின் கூரைகளைப் பற்றி மட்டுமே ஒரு நூல் எழுதினார். அதன் சாரத்தை ஒரு வரியில் சொல்லலாம்: கூரையின் அடிப்புறச் சூடு, அறையிலுள்ள காற்றின் சூட்டைவிட நாலைந்து டிகிரிக்கு மேல் போகக் கூடாது. போனால் மனிதன் தலையில் அனல் உறைக்கும்.

சென்னைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ராஜஸ்தானில் கனமான சுவரும் கூரையும் உதவும். ராத்திரி வானம் வறண்டிருப்பதால் பகலில் வாங்கியதை வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும்; விடிவதற்குள் குளிர்ந்துவிடும். நம் வானத்தில் நீராவி அதிகம். கூரை மேலே வீசும் வெப்பத்தில் ஒரு பங்கை அது திரும்பக் கீழே அனுப்பிவிடுகிறது. மே மாத ராத்திரியில் காற்றே 28 டிகிரிக்குக் கீழே போகத் தயங்குகிறது. கடலோரத்தில் பிற்பகலிலேயே எட்டிப் பார்க்கும் கடற்காற்று ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் வரத் தாமதமாகும். மேல்காற்று பலமாக வீசும் நாளில் வராமலே போகும். வெப்பத்தைச் சேர்த்துவைக்கும் கூரை, ராத்திரி ஆறாத ஊருக்கு ஏற்றதில்லை.

குத்தம்பாக்கத்துப் பொதுச்சுவர்

பூந்தமல்லியைத் தாண்டித் திருமழிசைக்கு அந்தப் பக்கம் குத்தம்பாக்கம். புதிய பேருந்து நிலையத்தால் இன்று எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஊர். அதற்கு வெகுகாலம் முன்பே இன்னொரு காரணத்துக்காக வெளியூர்க்காரர்கள் அங்கே வந்துகொண்டிருந்தார்கள். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் விஞ்ஞானியாக இருந்த இளங்கோ வேலையை உதறிவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பி, 1996-இல் ஊராட்சித் தலைவரானார். சமத்துவபுரத் திட்டம் அந்த ஊருக்கு வந்தபோது அங்கே எழுந்தவை இரட்டை வீடுகள். ஒரு பாதியில் தலித் குடும்பம், மறு பாதியில் வேறு சாதிக் குடும்பம், நடுவில் பொதுச்சுவர். ஊர் மண்ணில் அழுத்தி எடுத்த மண்கற்களைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தினார்கள். சூளை இல்லை, விறகு இல்லை, லாரி வாடகை இல்லை. கூலி ஊருக்குள்ளேயே தங்கியது.

சாதியைப் பற்றி அந்தப் பொதுச்சுவர் சொல்லும் செய்தியைப் பலரும் எழுதிவிட்டார்கள். வெப்பத்தைப் பற்றி அது சொல்வதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. தனித்தனி வீட்டுக்கு நான்கு பக்கமும் வெளிச்சுவர். இரண்டை ஒட்டிக் கட்டினால் ஆளுக்கு மூன்றுதான். கல்லும் கலவையும் மிச்சம். கிழக்கு மேற்காக ஒட்டினால், கிழக்கு வீட்டின் மேற்குச் சுவர் அடுத்த வீட்டுக்குள் ஒளிந்துகொள்கிறது. மூன்றரை மணி வெயில் அதைத் தொடவே முடியாது. வீட்டை ஒட்டிக் கட்டுவதும் மனையை எந்தத் திசையில் நீட்டுவதும் வரைபடத்தில் ஒரு கோட்டை இழுக்கும் செலவுதான். ஆனால் அதைக் கட்டும் முன்னால் செய்ய வேண்டும்.

வெள்ளம் மாடியேற்றுகிறது

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் மேற்குப் புறநகர் தண்ணீரில் நின்றது. கொரட்டூர், அம்பத்தூர் எஸ்டேட், பட்டாபிராம், திருநின்றவூர் என்று ஏரிகளின் வழியில் உள்ள நகர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டன. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் இந்தப் பக்கம் ஒரே காட்சிதான்: தரைத்தளத்தை உயர்த்துகிறார்கள், முடிந்தவர்கள் மேலே ஒரு மாடி போடுகிறார்கள், கட்டில் மேலே போகிறது. கூவம் கரையிலிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்கள் அம்பத்தூர் அத்திப்பட்டு போன்ற இடங்களில் குடிசை மாற்று வாரியத்தின் அடுக்குமாடிகளுக்கு வந்தன. தண்ணீர் எட்டாத உயரம் கிடைத்தது. அடுக்குமாடியில் எல்லாத் தளத்துக்கும் ஒரே வெயில் இல்லை. கடைசி மாடிக்காரர் மற்றவர்களுக்கெல்லாம் குடை பிடிக்கிறார்.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையையும் மாநிலப் பேரிடர்ப் பட்டியலில் சேர்த்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் உதவி உண்டு. நல்ல முடிவுதான். ஆனால் ஒரு வீட்டின் எஸ்டிமேட்டை எடுத்துப் பாருங்கள். கம்பி எத்தனை கிலோ, சிமென்ட் எத்தனை மூட்டை, பூகம்பத்துக்கு எந்தப் பட்டை என்றெல்லாம் இருக்கும். கூரை ராத்திரி எவ்வளவு சூட்டை இறக்கும் என்பதற்கு ஒரு வரி இருக்காது. பணம் போதாமல் எதையாவது வெட்ட வேண்டுமென்றால் முதலில் அடிபடுவது தளத்தின் மேல் போடும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவையும் தட்டோடும்தான். வெயிலுக்கும் தளத்துக்கும் நடுவில் இருந்த ஒரே திரை அது.

பத்து யூனிட்டை என்ன செய்யலாம்

நம் பட்டாபிராம் வீட்டுக்கு வருவோம். ராத்திரி கீழே இறங்கும் பத்து யூனிட்டைத்தான் குறைக்க வேண்டும்.

முதலில் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் வேண்டும். பதினைந்து லிட்டர் வாளித் தண்ணீர் முழுவதும் தளத்தின் சூட்டிலேயே ஆவியானால் பத்து யூனிட் போயிற்று! சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணீர் தெளிப்பது மூடநம்பிக்கை அல்ல. ஆனால் தெளிக்க வேண்டும். கவிழ்த்தால் குழாய் வழியாகத் தெருவுக்குப் போய்விடும். ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கோணிச் சாக்கை விரித்து நனைத்துவைக்கும் முறையை ஆராய்ந்தது. தண்ணீர் நின்று நிதானமாக ஆவியாகும். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசை நிற்கும் கோடையில் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஆவியாகத்தான் செய்யும்.

அடுத்து வெள்ளை. புதுச் சுண்ணாம்பு அடித்த தளம் வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். 110 யூனிட் உறிஞ்சிய இடத்தில் 42 யூனிட். போட்ட காசுக்கு இதைவிடப் பலன் தருவது எதுவும் இல்லை. குறை ஒன்றே: ஒரு வடகிழக்குப் பருவமழை போதும், கறுத்துவிடும். பிப்ரவரியில் தளத்தைத் தேய்த்துக் கழுவி மறுபடி அடிக்க வேண்டும்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு லாரி பேக்கரின் யோசனை இருக்கிறது. திருவனந்தபுரத்தில் பல வருஷம் மலிவு வீடு கட்டிய ஆங்கிலேயர். பளு விழும்போது தளம் நடுவில் கீழே வளையப் பார்க்கும். மேல்பகுதி நசுங்கும், கீழ்ப்பகுதி இழுபடும். கான்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதற்காகத்தான் கீழே கம்பி. அப்படியானால் கம்பிக்கு நடுவே கீழ்ப்பாதியில் கிடக்கும் கான்கிரீட் என்ன வேலை செய்கிறது? எடையாக இருக்கிறது, அவ்வளவுதான். அங்கே கான்கிரீட்டுக்குப் பதிலாக இரண்டு மங்களூர் ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தளம் போட்டார் பேக்கர். இது நிரப்பித் தளம். கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்கு வரை மிச்சம். ஓடுகளுக்கு நடுவே சிறைப்பட்ட காற்று வெப்பத்துக்குத் தடை. எட்டு டன் கான்கிரீட் ஆறரை டன்னாகிறது, கிடங்கே சிறுத்துவிடுகிறது. மேற்குச் சுவருக்கும் அவரிடம் மருந்து உண்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து நடுவில் காலியிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு. செங்கல்லில் கால்வாசி மிச்சம், உள்ளே காற்றுத் திரை.

மலிவாகவும் இருக்கிறது, குளிர்ச்சியாகவும் இருக்கிறது, பின் ஏன் அம்பத்தூரில் காணோம்? மேஸ்திரிக்குப் பழக்கமில்லை, பழக்கமில்லாத வேலைக்குக் கூலி கூடும். உள்ளே அண்ணாந்தால் ஓடு தெரியும். கடன் வாங்கித் தளம் போட்டவருக்கு ‘இன்னும் ஓட்டு வீடுதானா’ என்று சொந்தக்காரர் கேட்டுவிடுவாரோ என்ற பயம். சென்னை ஐஐடியில் உரத் தொழிற்சாலைக் கழிவான ஜிப்சத்தில் கண்ணாடி இழை சேர்த்துச் செய்த பலகைகளால் 2013-இல் நான்கு வீடுகளை ஒரே மாதத்தில் கட்டிக் காட்டினார்கள். வளாகத்துக்கு வெளியே அதுவும் இதே மதில் சுவரில்தான் மோதுகிறது.

ஆராய்ச்சியாளர் யாரும் சொல்லாமல் மேற்குப் புறநகர் தானாகக் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. மொட்டைமாடியில் இரும்புக் கால் நட்டு மேலே ஷீட் போட்டுவிடுவது. நான்கு பக்கமும் திறப்பு. துணி காயப்போட, தண்ணீர் ஒழுகாமல் தடுக்க, பிள்ளைகள் பிறந்தநாளுக்குப் பந்தலாக என்று பல காரணம் சொல்வார்கள். உண்மையில் அவர்கள் கட்டியிருப்பது இரட்டைக் கூரை. வெயிலை ஷீட் வாங்கிக்கொள்கிறது. நடுவில் ஓடும் காற்று சூட்டை அள்ளிப் போகிறது. தளம் நிழலில் கிடக்கிறது. பேக்கரின் ஓடும் சுண்ணாம்பு வெள்ளையும் சேர்ந்து செய்வதை இந்த ஷீட் தனியாகவே செய்துவிடும்.

காற்றடிக்கும் வரை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது சென்னை மொட்டைமாடிகளிலிருந்து ஷீட்டுகள் பறந்தன. காற்று கூரைமேல் ஓடும்போது ஷீட்டை மேலே உறிஞ்சும். ஓரங்களிலும் மூலைகளிலும் அந்த உறிஞ்சல் மிக அதிகம். ஆனால் வெல்டிங் கடைக்காரர் நடுவிலும் ஓரத்திலும் ஒரே இடைவெளியில்தான் போல்ட் போடுவார். ஓரத்து வரிசையில் மட்டும் போல்ட்டை நெருக்கிப் போடச் சொல்லிக் கேளுங்கள். இருபது முப்பது போல்ட் கூடுதலாகும். இரும்புக் காலைக் கைப்பிடிச் சுவரில் நிறுத்தவிடாதீர்கள். கீழே பில்லர் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த இடம் எது என்று தேட வேண்டியதில்லை. அடுத்த மாடிக்கென்று விட்டுவைத்த கம்பிகள் அங்கேதான் நீட்டிக்கொண்டிருக்கும்.